காய்கறி விளைவிக்கும் சிறு விவசாயிகளும் சூப்பர் மார்க்கெட் கொள்முதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரை ஏக்கர் முதல் ஐந்து ஏக்கர் வரை காய்கறி பயிரிடுவோரும், அவர்கள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனங்களின் பொறுப்பாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பதில்கள் முதன்மையாகத் தென்னிந்திய நிலைமையைப் பற்றியவை. நமக்கு முன்பே இதே பாதையில் சென்ற கென்யா, நிகரகுவா, மடகாஸ்கர் முதலிய நாடுகளின் அனுபவம் பயன்படும் இடங்களில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

சூப்பர் மார்க்கெட்டுகள் காய்கறியை உண்மையில் எங்கிருந்து வாங்குகின்றன?

மூன்று வழிகளில் வாங்குகின்றன. விளைச்சல் பகுதிகளில் தாங்களே நடத்தும் கொள்முதல் மையங்களில் விவசாயிகளிடம் நேரடியாக வாங்குவது ஒன்று. தங்களுக்கென்று அமர்த்திக்கொண்ட மொத்த வியாபாரிகள் மூலம் வாங்குவது மற்றொன்று. வரத்து குறையும் நாளில் கோயம்பேடு போன்ற மொத்தச் சந்தைகளில் வாங்கி நிரப்பிக்கொள்வது மூன்றாவது. ஐதராபாத்தை ஒட்டிய வண்டிமாமிடியிலும், பெங்களூருக்கு அருகிலுள்ள ஓசூர், மாலூர் வட்டாரங்களிலும் இத்தகைய கொள்முதல் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது.

சென்னையில் 1996இல் ஃபுட்வேர்ல்டு கடை திறந்தபோது இது ஒரு நகரத்துப் புதுமையாக மட்டுமே தெரிந்தது. 2006 இறுதியில் ரிலையன்ஸ் ஃபிரெஷ் ஐதராபாத்தில் தொடங்கிய பிறகுதான், பெருநிறுவனங்கள் வயலுக்கு அருகிலேயே வந்து வாங்குவது பரவலாகப் பேசப்பட்டது. மற்ற நாடுகளில் இந்த மாற்றம் மிக விரைவாக நிகழ்ந்தது. லத்தீன் அமெரிக்காவின் உணவுச் சில்லறை வணிகத்தில் 1990 வாக்கில் 10 முதல் 20 சதவீதமாக இருந்த சூப்பர் மார்க்கெட்டுகளின் பங்கு, 2000ஆம் ஆண்டுக்குள் 50 முதல் 60 சதவீதத்தை எட்டிவிட்டது. இந்தியாவில் காய்கறியின் பெரும்பகுதி இன்றும் மண்டி, தள்ளுவண்டி, தெருக்கடை வழியாகவே மக்களைச் சென்றடைகிறது. இதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. விவசாயிக்கு இரண்டு வாசல்களும் திறந்திருக்கும் இக்காலத்திலேயே நல்ல நிபந்தனைகளைப் பேசிப் பெற முடியும்.

ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் மட்டும் வைத்திருப்பவரைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள், வேறு வழியும் இல்லை. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு விவசாயக் கைப்பற்றின், அதாவது ஒரு விவசாயி பயிரிடும் மொத்த நிலத்தின், சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர், இரண்டு ஹெக்டேருக்குக் குறைவானவை மொத்தத்தில் 86 சதவீதம். தமிழ்நாட்டின் சராசரி இன்னும் குறைவு, 0.75 ஹெக்டேர் மட்டுமே. ஆகவே காய்கறி வாங்க வரும் எந்த நிறுவனமும் சிறு விவசாயியிடம் வந்தே தீர வேண்டும்.

ஆயினும் எல்லாச் சிறு விவசாயிகளிடமும் அது வருவதில்லை. பரப்பைவிட நீரும் சாலையும்தான் இங்கே தீர்மானிக்கின்றன. நிகரகுவாவில் வால்மார்ட்டுக்குக் காய்கறி கொடுத்த விவசாயிகளை ஆராய்ந்தவர்கள், ஆண்டு முழுவதும் பாசன வசதி உடையவர்களும் தலைநகருக்குச் செல்லும் சாலைக்கு அருகில் இருந்தவர்களுமே பெரும்பாலும் அந்தச் சங்கிலியில் இடம்பெற்றிருந்ததைக் கண்டார்கள். நம் ஊரிலும் அதே நிலைதான். ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீரும் உள்ள ஒரு ஏக்கர்க்காரர் வாரம் தவறாமல் காய் கொடுக்க முடிகிறது. மழையை நம்பி ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரால் முடிவதில்லை. சிறு விவசாயியைச் சந்தையோடு இணைப்பதாகப் பேசும் திட்டங்கள் செயலிகளுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் முன்பாக ஏரி, கிணறு, ஊர்ச்சாலை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மண்டியைவிடக் கூடுதல் விலை கிடைக்குமா?

கிலோவுக்குக் கிடைக்கும் விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். பறித்த மொத்தக் காய்க்கும் கையில் வரும் தொகை கூடுதலாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள்.

பெரும்பாலான கொள்முதல் மையங்கள், அன்று காலை அருகிலுள்ள மொத்தச் சந்தையில் நிலவும் விலையைக் கேட்டு, அதற்குச் சமமாகவோ ஒன்றிரண்டு ரூபாய் கூட்டியோ தங்கள் விலையை வைக்கின்றன. விலையைக் கண்டறிவது இன்றும் மண்டிதான். சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுப்பதால் கமிஷன், சாக்கு, தொலைதூர வாடகை ஆகியவை மிச்சமாகின்றன. எடையும் மின்னணுத் தராசில் கண்ணெதிரே நடக்கிறது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் மையம் தேர்ந்தெடுத்த காயை மட்டுமே வாங்குகிறது. மண்டியோ வந்த காய் அனைத்துக்கும் ஒரு விலை சொல்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒருவர் ஒரு நாளில் 200 கிலோ கத்தரிக்காய் பறிக்கிறார். மண்டியில் கிலோ 20 ரூபாய் என்றால் 4,000 ரூபாய். கமிஷன் 10 சதவீதம், அதாவது 400 ரூபாயும், வண்டி வாடகை, ஏற்றுகூலி என 300 ரூபாயும் போக, கையில் 3,300 ரூபாய் நிற்கும். அதே காயை ஊருக்கு அருகிலுள்ள மையத்துக்குக் கொண்டுசெல்கிறார். அவர்கள் 22 ரூபாய் விலையில் 120 கிலோவை மட்டும் எடுத்தால் 2,640 ரூபாய். மீதி 80 கிலோ மண்டிக்குத்தான் போக வேண்டும். நல்ல காயைப் பொறுக்கி எடுத்த பிறகு மிஞ்சியது என்பதால் அதற்கு 12 ரூபாய்தான் கிடைக்கும்: 960 ரூபாய். அதில் கமிஷன் 96, வாடகை 150 போனால் 714. இரண்டையும் கூட்டித் தரம் பிரித்த ஆளுக்குக் கூலியாக 200 ரூபாய் கழித்தால் 3,154 ரூபாய். மண்டிக்கே மொத்தமாகக் கொடுத்ததைவிட 146 ரூபாய் குறைவு.

மையம் 160 கிலோ எடுத்திருந்தால் நிலைமை மாறுகிறது. 3,520 ரூபாய் அங்கே கிடைக்கும். மீதி 40 கிலோவுக்குச் செலவு போக 332 ரூபாய். கூலி கழித்து 3,652 ரூபாய் நிற்கும். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்பதைவிட, எத்தனை கிலோ எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்பதே விவசாயிக்கு முக்கியம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

வெளிநாட்டு ஆய்வுகளும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. நிகரகுவாவில் வால்மார்ட் கொடுத்த சராசரி விலை வழக்கமான சந்தையைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் ஏற்ற இறக்கம் குறைவாக இருந்ததால் விவசாயிகள் அதை ஒருவகைக் காப்பீடாக ஏற்றுக்கொண்டார்கள். கென்யாவின் கியாம்பு பகுதியில் சூப்பர் மார்க்கெட்டுக்குக் காய்கறி கொடுத்த குடும்பங்களின் வருமானம் சராசரியாக 48 சதவீதம் உயர்ந்ததாக 2011இல் வெளியான ஆய்வு கூறியது. சில ஆண்டுகள் கழித்து அதே குடும்பங்களிடம் மீண்டும் சென்றபோது, அவர்களில் கணிசமானோர் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். நுழைவது ஒரு கட்டம், அங்கே நிலைத்திருப்பது வேறொரு கட்டம்.

கொண்டுசென்ற காயை ஏன் கழிக்கிறார்கள்? கழித்த காய்க்கு யார் பொறுப்பு?

சொத்தை, வாடல், வெயில் பட்ட தழும்பு, அளவு மாறுபாடு, முற்றிய காய், தக்காளி அளவுக்கு மீறிப் பழுத்திருத்தல் ஆகியவை பொதுவான காரணங்கள். கடையில் வாடிக்கையாளர் காயைத் தம் கையால் பொறுக்குகிறார். அவர் ஒதுக்குவது கடைக்கு நட்டமாகிறது. அந்த நட்டத்தைக் கடை மையத்தின் மீதும், மையம் விவசாயியின் மீதும் முன்கூட்டியே தள்ளிவிடுகின்றன. காய் தரமற்றது என்பது எப்போதும் உண்மையான காரணமும் அல்ல. அன்று கடைகள் கேட்ட அளவு குறைந்திருந்தால், நேற்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அதே காய் இன்று தரமில்லை என்று ஒதுக்கப்படும். இதை எவரும் எழுத்தில் சொல்லமாட்டார்கள். வரத்து மிகுந்த நாட்களில் கழிவு கூடுவதைக் குறித்துவைத்தால் தெளிவாகத் தெரியும்.

விவசாயி தம் பக்கத்தில் செய்யக்கூடியவை உண்டு. விடியற்காலையில் பறிப்பது, பறித்த காயை நிழலில் வைப்பது, சாக்கில் திணிக்காமல் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்குவது, ஈரத்தோடு அனுப்பாமல் இருப்பது ஆகியவற்றால் கழிவு கணிசமாகக் குறையும். அதற்கு அப்பாலுள்ள கழிவைப் பற்றி நிறுவனத்திடம்தான் பேச வேண்டும். மையத்தில் எடைபோட்டு ஏற்றுக்கொண்ட காய் நிறுவனத்தின் உடைமை. அது நகரத்துக் கிடங்குக்குப் போனபின் அங்கே கழிந்தது என்று சொல்லி அடுத்த முறை தொகையில் பிடித்தம் செய்வதை எந்த விவசாயியும் ஏற்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை மட்டுமாவது முதல் நாளிலேயே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எழுத்து வடிவில் ஒப்பந்தம் தருவார்களா?

பெரும்பாலும் தருவதில்லை. முந்தைய நாள் மாலையில், நாளை இன்னின்ன காய் இத்தனை கிலோ வேண்டும் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வரும், அதுவே ஒப்பந்தம். விதைப்பதற்கு முன்பு எந்த உறுதியும் கிடையாது. நாற்று நட்டு அறுபது, எழுபது நாட்கள் காத்திருக்கும் பயிருக்குப் பன்னிரண்டு மணி நேர முன்னறிவிப்பு போதாது என்பது வாங்குபவர்களுக்கும் தெரியும். இந்த ஏற்பாட்டில் அவர்களுக்குச் சுமை இல்லை என்பதால் அது நீடிக்கிறது.

தமிழ்நாடு 2019இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுவே. ஒன்றிய அரசு 2020இல் கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்றும் இதைப் பற்றியதே. நீண்ட போராட்டத்துக்குப் பின் அவை 2021இல் திரும்பப் பெறப்பட்டன. இச்சட்டங்கள் விதைப்புக்கு முன்பே விலையும் அளவும் பேசிக்கொள்ளும் ஒப்பந்தத்தை நோக்கமாகக் கொண்டவை. அன்றாடம் கேட்டு அன்றாடம் வாங்கும் கொள்முதல் மையம் அந்த வரையறைக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஆகவே முழுமையான ஒப்பந்தம் கிடைக்காவிட்டாலும், விலையை எந்தச் சந்தையை வைத்து எத்தனை மணிக்கு முடிவு செய்வார்கள், குறைந்தது எவ்வளவு எடுப்பார்கள், எத்தனை நாளில் பணம் தருவார்கள், கழிக்கும் அளவுகோல் என்ன என்ற நான்கையும் நிறுவனத்தின் முத்திரையோடு ஒரு தாளில் கேட்டு வாங்குவது நல்லது.

மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறேன். சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுக்கலாமா?

மிகப் பலருடைய உண்மையான தடை இதுதான். நாற்றுக்கும் உரத்துக்கும் மட்டுமல்லாமல், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் இரவில் போய்க் கேட்டாலும் மண்டிக்காரர் பணம் தருகிறார். அதற்கு ஈடாக விளைந்த காய் அவர் கடைக்கே வர வேண்டும். வட்டி வெளிப்படையாக இல்லாவிட்டாலும் விலையிலும் கமிஷனிலும் அது மறைந்திருக்கிறது. அதே வேளையில் அவர் காயைக் கழிப்பதில்லை, அளவு கேட்பதில்லை, விலை விழுந்த நாளிலும் கடையைச் சாத்துவதில்லை. ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகள் கேரளம் வரை காய் அனுப்பிப் பல்லாயிரம் குடும்பங்களைத் தாங்குவது இந்த உறவின் பலத்தால்தான். இடைத்தரகர் என்ற ஒரு சொல்லில் இவரை ஒதுக்கிவிடுவது விவசாயியின் வாழ்க்கையை அறியாத பேச்சு.

சூப்பர் மார்க்கெட் கடன் தருவதில்லை. விதிவிலக்குகள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில், தோஹோயாண்டோ நகர ஸ்பார் கடை அப்பகுதிச் சிறு விவசாயிகளுக்கு வட்டியில்லாக் கடனும் பயிற்சியும் கொடுத்து, விளைச்சலை வாங்கிக்கொள்ளும் உறுதியும் அளித்தது. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ கிசான் கடன் அட்டை மூலமாகவோ பயிர்க்கடன் பெற்று, முன்பணத்தைச் சிறிது சிறிதாக அடைத்து வருவதே பாதுகாப்பான வழி. மண்டிக்காரரிடம் வெளிப்படையாகப் பேசி, விளைச்சலில் ஒரு பகுதியை மட்டும் மையத்துக்குக் கொடுக்க ஒப்புதல் பெற்றவர்களும் இருக்கிறார்கள். மறைத்துச் செய்தால் அந்த உறவு முறியும். விலை சரியும் மாதத்தில் அதன் இழப்பு தெரியும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இதற்குத் தீர்வாகுமா?

சரியாக நடத்தப்பட்டால் ஆகும். கம்பெனிச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தம், பத்து விவசாயிகள் சேர்ந்தாலே ஓர் உற்பத்தியாளர் கம்பெனியைத் தொடங்க வழிசெய்தது. பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்பது அதன் உயிரான விதி. 2020இல் ஒன்றிய அரசு 6,865 கோடி ரூபாயில் 10,000 உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்களும் மலைப்பகுதிகளில் 100 உறுப்பினர்களும் தேவை என்று அத்திட்டம் விதித்தது. ஓர் அமைப்புக்கு மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கும், உறுப்பினர் ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தம் 15 லட்சத்துக்கு மிகாமல், உறுப்பினர்கள் போட்ட பங்கு மூலதனத்துக்கு இணையான மானியமாகவும் தர அது வகைசெய்தது.

ஒருவரால் தர முடியாத வாராந்திர அளவை முப்பது பேர் சேர்ந்து தர முடியும். கழித்த காயையும் நிறுவனமே வாங்கி உணவகங்களுக்கோ விடுதிகளுக்கோ விற்க முடியும். ஆனால் இத்தகைய நிறுவனங்களைத் திணறச் செய்வது நடைமுறை மூலதனம். சூப்பர் மார்க்கெட் பதினைந்து நாளோ ஒரு மாதமோ கழித்துப் பணம் தரும். உறுப்பினருக்கோ பறிகூலி கொடுக்க அன்று மாலையே பணம் வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பச் சொந்தக் கையிருப்பு இல்லாத நிறுவனத்தில், உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக மண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். மண்டி விலை திடீரென ஏறும் நாளில் உறுப்பினரே காயை வெளியே கொடுத்துவிட, நிறுவனம் ஒப்புக்கொண்ட அளவைக் கொடுக்க முடியாமல் பெயரை இழப்பதும் நடக்கிறது. இதற்காக உறுப்பினரைக் குறை சொல்வதைவிட, விளைச்சலில் பாதியை மட்டும் நிறுவனத்துக்கு உறுதியளிக்கச் சொல்வது நடைமுறைக்கு ஏற்றது.

சான்றிதழ் தேவையா? பூச்சிமருந்து எச்சத்தைச் சோதிப்பார்களா?

உள்நாட்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் பொதுவாகச் சான்றிதழ் கேட்பதில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விவசாயியையும் அவருடைய சாகுபடியையும் தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆனால் காயை வாங்கி, தரம் பிரித்து விற்கும் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவோ உரிமமோ பெற வேண்டும். எச்ச அளவுக்கான வரம்புகள் கடையில் விற்கும் காய்க்குப் பொருந்துவதால், சில சூப்பர் மார்க்கெட் நிறுவனங்கள் மாதிரி எடுத்துச் சோதிக்கின்றன. மருந்தடித்த நாளையும் மருந்தின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, உறையில் குறிப்பிட்ட காத்திருப்பு நாட்கள் முடிந்தபின் பறிப்பது, விற்பனைக்கு மட்டுமல்லாமல் நம் வீட்டுப் பிள்ளைகள் உண்ணும் காய்க்கும் அவசியம்.

ஏற்றுமதி வேறு வகை. ஐரோப்பியச் சில்லறை நிறுவனங்கள் 1997இல் உருவாக்கி, 2007இல் குளோபல்கேப் எனப் பெயர் மாற்றிய தரச்சான்று, கென்யாவின் பீன்ஸ் விவசாயிகளில் பலரை ஏற்றுமதியிலிருந்து வெளியேற்றியது. அது கேட்ட பூச்சிமருந்து வைப்பறையும் ஆண்டுச் சான்றுச் செலவும் சிறு விவசாயிக்குத் தாங்கவில்லை. இதற்கு மாறாக மடகாஸ்கரில் ஒரே ஏற்றுமதி நிறுவனம் ஏறத்தாழ 10,000 சிறு விவசாயிகளோடு ஒப்பந்தம் செய்து, விதையும் உரமும் கடனாகக் கொடுத்து, வயல்தோறும் மேற்பார்வையாளரை அனுப்பி அதே ஐரோப்பியச் சந்தைக்குப் பீன்ஸ் விற்றது. அங்கே கற்ற உரமிடும் முறை அடுத்த பருவ நெல்லின் விளைச்சலையும் உயர்த்தியது. பஞ்ச மாதங்களின் நீளம் குறைந்தது. சான்றுக்கான செலவை யார் ஏற்கிறார் என்பதே இரு நாட்டு அனுபவங்களையும் பிரிக்கிறது.

நிலம் என் பெயரில் இல்லை. பதிவு செய்ய முடியுமா?

பல மையங்கள் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கேட்கின்றன. வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோரும், கணவர் பெயரில் உள்ள நிலத்தில் உழைக்கும் பெண்களும் இதனால் விடுபடுகிறார்கள். களையெடுப்பதும் பறிப்பதும் தரம் பிரிப்பதும் பெண்கள். பணம் சேர்வதோ வேறொருவர் கணக்கில். உற்பத்தியாளர் நிறுவனத்தில் பெண்களைத் தனி உறுப்பினராகச் சேர்த்து, கொண்டுவந்தவர் பெயரிலேயே பணம் செலுத்துவது இதைச் சரிசெய்யும் எளிய வழி.

உழவர் சந்தை இருக்கும்போது இது எதற்கு?

1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, தரகின்றி நுகர்வோருக்கே விற்க உதவுகிறது. கொஞ்சம் காயோடு நகரத்துக்கு அருகில் வாழ்பவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அங்கே காலை முழுவதும் ஒருவர் உட்கார்ந்து விற்க வேண்டும். வயலில் ஆள் பற்றாக்குறை உள்ள குடும்பத்துக்கு அது இயலாது.

பணம் எத்தனை நாளில் வரும்? நிறுவனம் மூடிவிட்டால் என்ன ஆகும்?

விவசாயியிடம் நேரடியாக வாங்கும்போது சில நாட்களுக்குள் வங்கிக் கணக்கில் செலுத்துவது வழக்கம். உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் வியாபாரிகளுக்கும் கூடுதல் நாட்கள் ஆகும். நாட்கள் நீளும்போது அதைக் கவனிக்கத் தவறக் கூடாது. கென்யாவின் மிகப் பெரிய சூப்பர் மார்க்கெட் சங்கிலியாக இருந்த நாகுமாட், 2017இல் அலமாரிகள் காலியாகி, 2018 தொடக்கத்தில் நீதிமன்றம் அமர்த்திய நிர்வாகியின் கைக்குச் சென்று, 2020இல் முற்றிலும் மூடப்பட்டது. பொருள் கொடுத்தவர்களின் பாக்கி நிலுவையில் நின்றது. அந்த நெருக்கடி நீடித்தபோதே கென்யா 2019இல் தன் போட்டிச் சட்டத்தைத் திருத்தி, பெரிய வாங்குபவர்கள் தங்கள் வலிமையைத் தவறாகப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆண்டில், அழுகும் பொருளுக்கு 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று விதித்தது. நம் நாட்டிலும் சில்லறைச் சங்கிலிகளுக்கென இத்தகைய காலவரம்பு சட்டமாக வேண்டும். விவசாயி தம் காயைக் கொடுத்து ஒரு பெருநிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருப்பது நியாயமன்று.

சட்டம் வரும்வரை, இரண்டு முறை கொடுத்த காய்க்குப் பணம் வராவிட்டால் மூன்றாம் முறை கொடுப்பதை நிறுத்திவிடுவது என்ற விதியை உற்பத்தியாளர் நிறுவன உறுப்பினர்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம்.

முதல் பருவத்தில் எவ்வளவு காயை இதற்கு ஒதுக்கலாம்?

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே நாளில் முழு நிலத்திலும் நடாமல், பதினைந்து நாள் இடைவெளியில் பகுதி பகுதியாக நட்டால் வாராவாரம் ஒரே அளவில் காய் வரும். மையங்கள் மதிப்பது இந்தத் தொடர்ச்சியைத்தான். கொண்டுசென்ற எடை, எடுத்த எடை, கழித்த எடை, கொடுத்த விலை, அன்றைய மண்டி விலை, பணம் வந்த தேதி ஆகிய ஆறையும் ஒவ்வொரு முறையும் எழுதிவைக்க வேண்டும். பருவம் முடிந்ததும் மேலே காட்டிய கத்தரிக்காய்க் கணக்கைச் சொந்த எண்களைக் கொண்டு போட்டுப் பாருங்கள். கையில் நின்ற தொகை கூடியிருந்தால் அடுத்த பருவத்தில் பாதிவரை உயர்த்தலாம். குறைந்திருந்தால், அந்தக் குறிப்பேட்டோடு மைய மேலாளரிடம் சென்று கழிவைப் பற்றிப் பேசுவதே முதல் வேலை.